ஸ்பீக்கர் வாங்கிய வாரம்

காதுக்குள் பூஞ்சை வந்திருக்கிறது என்று டாக்டர் சொன்னபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. ரொட்டியில் பூக்கும், ஊறுகாயில் பூக்கும், காதிலுமா? அவர் சிரிக்கவில்லை.

"நாள் பூரா இயர்போன் மாட்டிக்கறீங்களா?"

"ஆமாம் சார், வேலை அப்படி."

"இனிமே நான் சொல்ற வரைக்கும் காதுல எதையும் சொருகாதீங்க. பெரிய ஹெட்போனும் வேணாம். காது மூடவே கூடாது, காத்து போகணும்."

அதோடு என் சிரிப்பு நின்றுவிட்டது. என் பிழைப்பே காதில்தான் இருக்கிறது.

ஆம்பூரில் ரயில் பாதையை ஒட்டிய தெருவில், மாடியில் ஒற்றை அறையும் சமையலறையும் உள்ள வீடு எங்களுடையது. நானும் என் கணவரும் மட்டும்தான். அந்த அறையின் ஜன்னலோரம் பழைய கம்ப்யூட்டர் ஒன்றைப் போட்டு, வெளிநாட்டில் வளரும் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். சென்னையில் இருக்கும் ஒரு சின்ன நிறுவனம் பிள்ளைகளைச் சேர்த்துவிடும். வகுப்புக்கு இவ்வளவு என்று எனக்குச் சம்பளம். தமிழில் எம்.ஏ. முடித்துவிட்டு ஷூ கம்பெனி ஸ்டிச்சிங் லைனில் கொஞ்ச காலம் உட்கார்ந்திருந்த எனக்கு, படித்த படிப்புக்குக் கிடைத்த முதல் வேலை இது. அதை விட்டுவிடக் கூடாது என்ற பயம் எனக்கு எப்போதும் உண்டு.

எழுதச் சொல்லிக்கொடுப்பது சுலபம். எழுத்துத் தப்பாக இருந்தால் திரையிலேயே தெரிந்துவிடும். பேச்சுதான் கஷ்டம். லண்டனில் பிறந்த பிள்ளை 'மழை' என்று சொல்லும்போது அதன் நாக்கு எங்கே போய்த் தொடுகிறது என்பது எனக்குக் கண்ணால் தெரியாது. காதால்தான் தெரியவேண்டும். மலையா, மழையா, இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஒன்றா?

டாக்டர் சொன்ன நாளிலிருந்து போனில் வகுப்பு எடுத்தேன். கம்ப்யூட்டருக்கு ஸ்பீக்கர் கிடையாது. போனின் அடியில் இருக்கும் ஓட்டையிலிருந்து வரும் சத்தத்தில் எல்லாப் பிள்ளைகளும் தகர டப்பாவுக்குள் உட்கார்ந்து பேசுவதுபோல இருந்தது. ல, ள, ழ மூன்றும் ஒன்றாகிவிட்டன. ஊகித்து ஊகித்து "வெரி குட்" சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு வாரம்கூட ஓடவில்லை, சென்னையிலிருந்து எங்கள் ஒருங்கிணைப்பாளர் போன் செய்தார். நல்ல மாதிரிதான், மெதுவாகத்தான் பேசுவார். அன்றைக்கு இன்னும் மெதுவாகப் பேசினார்.

"லண்டன் பையனோட அம்மா கம்ப்ளெயிண்ட் பண்ணியிருக்காங்க. பையன் மழையை மலைன்னு சொல்றான், டீச்சர் கைதட்டறாங்கன்னு. தப்பா எடுத்துக்காதீங்க. சனிக்கிழமை அவன் கிளாஸ்ல நானும் உட்கார்றேன். அந்த அம்மாவும் இருப்பாங்க."

"சரிங்க மேடம்" என்றேன். காதில் பூஞ்சை என்று சொல்ல வாய் வரவில்லை. எனக்குத் தெரிந்த ஒரு டீச்சர் வகுப்பில் இப்படித்தான் வந்து உட்கார்ந்தார்கள். யாரும் அவரைப் போகச் சொல்லவில்லை. ஒவ்வொரு பிள்ளையாக வேறு டீச்சருக்கு மாறிப்போயிற்று, அவ்வளவுதான்.

அது செவ்வாய்க்கிழமை. சனிக்கிழமைக்குள் ஒரு ஸ்பீக்கர் வேண்டும்.

இரண்டாயிரத்துக்கு மேல் போகமுடியாது என்பது எங்கள் இருவருக்குமே தெரியும். அந்தத் தொகையில் நல்லது கிடைக்குமா என்று இணையத்தில் தேடித் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்கக் குழப்பம் ஜாஸ்தியானது. பெட்டி மேல் போட்டிருக்கும் வாட்ஸ் கணக்கை நம்பாதே என்றார்கள். பாட்டுக்கு நல்லது பேச்சுக்கு நல்லதில்லை என்றார்கள். கீழே ஒரு பெரிய பெட்டி, மேலே இரண்டு சின்னப் பெட்டி என்று வரும் செட்டு, அந்த விலையில் வெறும் 'தும் தும்' சத்தம்தான், பேச்சை முழுங்கிவிடும், அதற்குப் பதில் சாதாரண ஜோடி ஸ்பீக்கர் மேல் என்று ஒருவர் எழுதியிருந்தார். கடைக்காரர் போடுகிற பாட்டைக் கேட்டு வாங்காதே, உனக்கு என்ன கேட்கவேண்டுமோ அதை எடுத்துக்கொண்டு போ என்று இன்னொருவர். அது எனக்குப் பிடித்திருந்தது. வகுப்புப் பதிவுகளிலிருந்து கொஞ்சம் வெட்டி பென்டிரைவில் ஏற்றிக்கொண்டேன். அந்தப் பையன் சொல்லும் மலையும் மழையும். இன்னொரு சின்னப் பெண் வரிசையாகச் சொல்லும் "பசி, படி, பதி."

என் கணவர் ஒரு தோல் கம்பெனியில் ஷேவிங் மிஷின் ஓட்டுகிறார். ஈரத்தோலின் உள்பக்கத்தைச் சீவி ஒரே கனமாக்குகிற மிஷின் அது. அதன் சத்தத்தைத் தெருவில் நின்றே கேட்கலாம்; பல்லைக் கூசவைக்கும். காலை ஷிப்டு முடிந்து மதியம் வந்துவிடுவார். அந்த வருஷம் எங்களுக்குள் ஒன்றும் சரியில்லை. சண்டை என்று பெரிதாக எதுவும் கிடையாது. சமையலறையிலிருந்து கூப்பிட்டால் பதில் வராது. இரண்டாம் தடவை கூப்பிட்டால் "இன்னா, இப்ப இன்னா?" என்று எரிந்து விழுவார். டிவியைத் தெருவுக்கே கேட்கும்படி வைப்பார். அவர் அம்மா போன் செய்தால்கூட என் கையில் திணித்து, "நீயே பேசு" என்பார். என்மேல் சலிப்பு வந்துவிட்டது என்று நான் முடிவு கட்டியிருந்தேன். நானும் கூப்பிடுவதைக் குறைத்துக்கொண்டேன்.

புதன்கிழமை சாயங்காலம் இருவரும் பைக்கில் பஜாருக்குப் போனோம். கம்ப்யூட்டர் சாமான் விற்கும் கடை, மாடிப்படி ஏறிப் போகவேண்டும். கடைக்கார பாய் எங்களைப் பார்த்ததுமே பெரிய செட்டு ஒன்றைக் காட்டினார். கீழே கறுப்பாக ஒரு பெட்டி, அதைச் சுற்றி நீலமும் சிவப்பும் மாறி மாறி எரியும் விளக்கு. குத்துப் பாட்டு ஒன்றைப் போட்டார். கண்ணாடி அலமாரி அதிர்ந்தது. என் கணவர் முகத்தில் நான் ரொம்ப நாளாகப் பார்க்காத ஒரு வெளிச்சம் வந்தது.

"இது சூப்பரா கீது பாய்."

"எல்லாரும் இதான் சார் எடுத்துக்கினு போறாங்க."

நான் பென்டிரைவை நீட்டினேன். "இதைப் போட்டுக் காட்டுங்க பாய்."

"இன்னா பாட்டு மேடம்?"

"பாட்டு இல்லை. பேச்சு."

அவர் என்னை ஒருமாதிரி பார்த்துவிட்டுப் போட்டார். பையன் குரல் வந்தது. கிணற்றுக்குள்ளிருந்து யாரோ கூப்பிடுவதுபோல இருந்தது. மலையும் மழையும் ஒரே சத்தம். சின்னப் பெண்ணின் பசி, படி, பதி மூன்றும் பஞ்சுமூட்டைக்குள் போய்வந்தன. வேறு இருக்கிறதா என்றேன். விளக்கு எதுவும் இல்லாமல், உள்ளங்கை அகலத்தில் ஒரு ஜோடியை பாய் அரைமனதாக எடுத்துவைத்தார். காட்சிக்கு வைத்திருந்தது, ஓரத்தில் ஒரு கீறல். என் வீட்டு மேஜையில் உட்காரும் தூரத்துக்கு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். முதலில் எதுவும் போடாமல் சத்தத்தை மட்டும் கூட்டி வைக்கச் சொன்னேன், சும்மா இருக்கும்போது இரைகிறதா என்று பார்க்க. லேசான ஒரு 'ஸ்', அவ்வளவுதான். பிறகு பதிவைப் போடச் சொன்னேன்.

மலை என்றான் பையன். அப்புறம் மழை என்றான். இல்லை, மழை என்று சொல்லப் பார்த்து மலை என்றே சொன்னான்! அவன் நாக்கு மேலே வளையாமல் முன்பல்லுக்குப் பின்னால் போய் இடித்தது எனக்குத் தெளிவாகக் கேட்டது. இதற்குத்தான் நான் கைதட்டியிருக்கிறேன்.

"இதாங்க வேணும்" என்று என் கணவரைப் பார்த்துச் சொன்னேன்.

"இதுல சத்தமே இல்லியே."

"இல்லியா? எவ்ளோ தெளிவா கேக்குது!"

"இன்னா தெளிவு? கீச்சு கீச்சுன்னுது. அதுதான் நல்லா இருந்துச்சு. வாங்கறதுன்னா ஒழுங்கா ஒண்ணு வாங்கு."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. பாய் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பதுகூட உறைக்கவில்லை. சின்னப் பெண்ணின் பதிவை மறுபடி போடவைத்தேன்.

"இந்தப் பொண்ணு இன்னா சொல்லுது, சொல்லுங்க பாக்கலாம்."

அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார். "ஒண்ணுதானே திருப்பித் திருப்பிச் சொல்லுது. படி, படி, படின்னு."

பாய் சிரித்துவிட்டார். என் கணவர் என்னைக் கேலி செய்கிறார் என்று நினைத்தேன். என் வேலையை, என் பதற்றத்தை, கடைக்காரர் முன்னால். "உங்களுக்கு எல்லாம் விளையாட்டு" என்றேன். அவர் முகம் சுருங்கியது. படியிறங்கிப் போய்விட்டார். நான் பென்டிரைவைப் பிடுங்கிக்கொண்டு பின்னாலேயே இறங்கினேன். பைக்கில் வீடு திரும்பினோம். நடுவில் லெவல் கிராசிங் மூடியிருந்தது. ஒரு கூட்ஸ் வண்டி போய் முடிக்கும்வரை அவர் முதுகையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வியாழக்கிழமை நான் தனியாகப் போய் அந்தச் சின்ன ஜோடியை வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்தேன். மதியம் அவர் வரவேண்டிய நேரம் தாண்டிப் போயிற்று. பிறகு படியில் காலடிச் சத்தம். கதவைத் திறந்தால் தோளில் ஒரு பெரிய அட்டைப்பெட்டி. என்னவென்று கேட்காமலே தெரிந்துவிட்டது.

"எதுக்கு மூஞ்ச தூக்கி வச்சிக்கினு இருக்கே? வாங்கினு வந்துட்டேன் பாரு" என்று பெட்டியை இறக்கினார். என்னைத் தாண்டிப் போய்த் தானே பிரித்தார், தானே ஒயர் மாட்டினார். விலைச்சீட்டு தரையில் கிடந்தது. நாங்கள் பேசிவைத்ததற்கும் மேலே. இனி இன்னொன்று வாங்க வழியே இல்லை.

நான் கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தேன். பதிவைப் போட்டேன். மேஜைக்கு அடியில் அந்தக் கறுப்புப் பெட்டி உறுமியது. பையன் மறுபடி கிணற்றுக்குள் போய்விட்டான். இன்னும் ஒரே ஒரு முழுநாள்தான் இருக்கிறது. கண்ணில் தண்ணீர் வந்தது. அதை அவர் பார்க்கக் கூடாது என்று திரும்பவே இல்லை. திரையைப் பார்த்தபடி சொன்னேன்:

"இதை பாய்கிட்டயே திருப்பிக் குடுத்துட்டு வாங்க."

பின்னாலிருந்து பதில் வந்தது. "ஆமா இல்ல? நான் சொல்லல?"

இதென்ன குரூரம் என்று வெடுக்கெனத் திரும்பினேன். அவர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். கேலியே இல்லை அந்த முகத்தில். பரீட்சை எழுதிவிட்டு மார்க்குக்குக் காத்திருக்கிற பிள்ளை மாதிரி, எனக்குப் பிடித்திருக்கிறதா என்று என் முகத்தையே சிரித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். என் கண்ணீரைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு அப்படியே குழம்பிப்போயிற்று.

"இன்னாச்சு? இன்னா சொன்ன?"

எனக்கு உள்ளே ஏதோ தடுக்கியது. ஸ்பீக்கரை அணைத்தேன். மறுபடி திரை பக்கம் திரும்பிக்கொண்டேன். பிள்ளைகளிடம் பேசுகிற சாதாரணக் குரலில் கேட்டேன்.

"பசிக்குதா?"

பதில் இல்லை. இன்னொரு தடவை, கொஞ்சம் உரக்க.

"படிக்கட்டா? இன்னா படிக்கட்டு?" என்றார்.

எழுந்து போய் அவர் முன்னால் நின்றேன். "எத்தன நாளா?" என்றேன்.

"இன்னா எத்தன நாளா?"

"காது."

அவர் துள்ளி எழுந்தார். "காதுக்கு இன்னா? நல்லாத்தான் கேக்குது. நீதான் வாய்க்குள்ளயே பேசற. ஊர்ல எல்லாரும் வாய்க்குள்ளயே பேசறாங்க இப்பல்லாம்." கதவு வரைக்கும் போனார். வெளியே போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்தார்.

"யார்கிட்டயும் சொல்லாத" என்றார்.

எப்போது ஆரம்பித்தது என்று அவருக்கே தெரியவில்லை. ஷிப்டு முடிந்து வந்தால் காதுக்குள் விசில் அடிக்குமாம். தூங்கி எழுந்தால் போய்விடுமாம். பிறகு போகாமலே இருந்துவிட்டது. சத்தம் கேட்கிறது, ஆனால் வார்த்தை புரிவதில்லை. ஆண்கள் பேசினால் பரவாயில்லை. பெண்களும் பிள்ளைகளும் பேசினால் நடுநடுவே எழுத்து காணாமல் போகிறது. போனில் ஆள் முகம் தெரியாததால் ரொம்பக் கஷ்டம். மிஷினில் பிளேடு மழுங்குவது முன்னெல்லாம் சத்தத்திலேயே தெரியுமாம். இப்போது கையை வைத்து அதிர்வில் பார்த்துக்கொள்கிறார்.

"கம்பெனியில சொல்லலாமில்ல?"

"சொன்னா மிஷின்ல வைப்பானா? பக்கத்துல தோல் ஊட்டறவன் கத்தினா எனக்குக் கேக்கணுமில்ல? கை உள்ள போச்சுன்னா? தூக்கி எங்கயாவது போட்ருவான்."

அவர் சொல்லச் சொல்ல எனக்கு அதுதான் பயமாக இருந்தது. கத்தினால் கேட்காது என்று தெரிந்தே தினமும் அந்த மிஷின் முன்னால் போய் நின்றுகொண்டிருக்கிறார்.

"அப்புறம் ஏங்க இதை வாங்கினு வந்தீங்க? வேணாம்னு நான் சொன்னேனே" என்றேன்.

அவர் கறுப்புப் பெட்டியைக் காட்டினார். "கடையில அதுலதான் எனக்குக் கேட்டுச்சு. அந்தச் சின்னதுல ஒண்ணுமே வரல. நீ அந்தப் புள்ளைங்ககிட்ட பேசறப்ப ஒரே சிரிப்பா சிரிக்கிற. நான் இங்கயேதான் படுத்துக்கினு கீறேன், இன்னாத்துக்கு சிரிக்கிறன்னே தெரியல. இது இருந்தா எனக்கும் கேக்கும்னு நெனச்சேன்."

அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். கீழே தெருவில் கம்பெனி வண்டி வந்து நின்று, வேலை முடிந்த பெண்கள் இறங்கிப் பேசிக்கொண்டே போனார்கள். அதெல்லாம் அவருக்குக் கேட்கிறதா என்று யோசித்தேன்.

ஆனால் சனிக்கிழமை போய்விடவில்லை. வெள்ளிக்கிழமை காலை அவர் வேலைக்குப் போனதும் அந்தப் பெட்டியை மறுபடி அட்டைக்குள் அடைத்து, ஷேர் ஆட்டோவில் மடிமேல் வைத்துக்கொண்டு போனேன். பாய் பெட்டியைப் பார்த்ததுமே கையை ஆட்டினார்.

"பிரிச்சிட்டா எடுக்க மாட்டோம் மேடம். நேத்துதானே சார் ஆசையா எடுத்துக்கினு போனாரு? ஒண்ணு ரெண்டு தரம் கேட்டாரு, வீட்ல இதுக்கு ஒத்துப்பாங்களான்னு."

அது எனக்குப் புதுச் செய்தி.

"அவருக்கு இது பிடிச்சிருக்கு பாய். எனக்குத்தான் வேலைக்கு ஆகலை. அந்தச் சின்ன ஜோடியை மாத்திக் குடுங்க."

"ஏன் ஆகல? ரிப்பேரா?"

காரணத்தைச் சொன்னால் ஒருவேளை இரங்குவார். ஆனால் அவர் தம்பியே ஏதோ தோல் கம்பெனியில் இருப்பதாகப் போன தடவை பேச்சுவாக்கில் சொல்லியிருந்தார். யார்கிட்டயும் சொல்லாதே என்று நேற்றுத்தான் ஒரு மனிதர் தாழ்ப்பாள் போட்டுவிட்டுக் கேட்டிருக்கிறார். ரிப்பேர் இல்லை, நாளைக்கு எனக்கு முக்கியமான வகுப்பு, இதில் பேச்சு புரியவில்லை என்று மட்டும் சொன்னேன். பாய் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இதற்குள் வேறு வாடிக்கையாளர் வந்தார், போனார். நான் நின்றுகொண்டே இருந்தேன்.

"மாத்தித் தர்றேன். ஆனா மிச்சக் காசு திரும்பி வராது. அந்த டிஸ்ப்ளே பீஸ்தான் கீது, கீறலோட. இஷ்டமிருந்தா எடுங்க."

எடுத்துக்கொண்டேன். கம்மி விலைப் பொருளுக்கு ஜாஸ்தி விலை கொடுத்தது போலத்தான் ஆயிற்று. பேரம் பேசும் தெம்பு எனக்கு இல்லை.

வீட்டில் மாட்டினால் 'ஙொய்' என்று ஒரு ரீங்காரம். கடையில் இல்லாதது. எனக்கு வேர்த்துவிட்டது. ஒயரைப் பிடுங்கிப் பிடுங்கிச் சொருகினேன். பிறகுதான் ஃபிரிட்ஜும் அதே பிளக் போர்டில் இருப்பது உறைத்தது. ஸ்பீக்கர் ஒயரைச் சமையலறைப் பக்கம் இழுத்து வேறு பாயிண்டில் மாட்டியதும் அடங்கியது. அடுத்தது எதிரொலி. பெங்களூரில் இருக்கும் என் தோழி ஒருத்தியைக் கூப்பிட்டுப் பேசவைத்தேன். அவள் பேசுவது ஸ்பீக்கரில் வந்து, என் மைக்கில் புகுந்து, அவளுக்கே திரும்பிப் போனது. "ஏய், நானே ரெண்டு தடவ பேசறேன்டி" என்றாள். ஸ்பீக்கர்களை என் முகத்துக்கு நேராகத் திருப்பிவைத்து, மைக்கை அவற்றுக்குப் பின்னால் தள்ளி, இரண்டுக்கும் நடுவில் மடித்த போர்வையை நிறுத்தினேன். சத்தத்தைக் குறைத்துக்கொண்டு நான் முன்னால் சாய்ந்து உட்கார்ந்தேன். அவள் "இப்ப ஒண்ணுதான் கேக்குது" என்றாள். அதற்குள் மதியமாகி அவர் வந்துவிட்டார். மேஜையைப் பார்த்தார், கறுப்புப் பெட்டி இல்லை என்பதைப் பார்த்தார். சட்டையைக் கழற்றி மாட்டினார்.

சனிக்கிழமை மூன்று மணி. திரையில் மூன்று கட்டம். ஒன்றில் பையனும் அவன் தோளை ஒட்டி அவன் அம்மாவும். ஒன்றில் ஒருங்கிணைப்பாளர், கையில் பேனா. இன்னொன்றில் நான், என் முகம் எனக்கே பிடிக்கவில்லை. என் கணவர் வழக்கமாக அந்த நேரம் படுத்துத் தூங்குவார். அன்றைக்குக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கேமராவில் விழாமல் காலை மடக்கிக்கொண்டார்.

பாடத்தை ஆரம்பித்தேன். பையன் படம் பார்த்துச் சொல்லவேண்டும். மரம் என்றான், சரி. வாழைப்பழம் என்று வந்தது; "வாலைப்பலம்" என்றான். அவன் அம்மா என் முகத்தைப் பார்ப்பது தெரிந்தது. பேனா நின்றது.

"இல்லைப்பா" என்றேன். "நாக்கு பல்லுகிட்ட போயிடுச்சு. பின்னால மடிச்சு மேல தூக்கு. எதையும் தொடாத. எங்க, இன்னொரு தடவை."

"வாளைப்பளம்."

"கிட்ட வந்துட்ட. ஆனா இப்ப தொட்டுட்ட. தொடாம சொல்லணும்."

அந்த நேரம் பார்த்து ரயில் வந்தது. ஜன்னல் கதவு தடதடத்தது. பையன் ஏதோ சொன்னான், வாய் அசைந்தது தெரிந்தது, எனக்குக் கேட்கவில்லை. முந்தின வாரம் என்றால் தலையாட்டி "வெரி குட்" என்றிருப்பேன். கையைக் காட்டி நிறுத்தினேன். "மன்னிக்கணும், ரயில் போகுது, எனக்குக் கேக்கலை. போனதும் சொல்லு" என்றேன். அந்த அம்மா புருவத்தை உயர்த்தினார். நால்வரும் அந்த ரயில் போய் முடியும்வரை சும்மா உட்கார்ந்திருந்தோம். அவ்வளவு நீளமான ரயிலை நான் பார்த்ததே இல்லை.

"வாழைப்பழம்" என்றான் பையன்.

ழ வந்துவிட்டது. அரைகுறையாக, கொஞ்சம் எச்சில் தெறிக்க, ஆனால் ழ. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவனுக்கும் வந்தது, அவன் அம்மாவும் உதட்டைக் கடித்துக்கொண்டு சிரித்தார்.

வகுப்பு முடிந்தபின் ஒருங்கிணைப்பாளர் மட்டும் இருந்தார். பாராட்டு எதுவும் இல்லை. "சத்தம் இப்ப தெளிவா இருக்கா உங்களுக்கு?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "அப்ப அடுத்த வாரமும் இதே நேரம். பையன் உங்ககிட்டயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார். கம்ப்யூட்டரை அணைத்த பிறகும் எழுந்திருக்க முடியவில்லை. முதுகெல்லாம் நனைந்திருந்தது.

பின்னாலிருந்து என் கணவர் தோளைத் தொட்டார். "இன்னாத்துக்கு சிரிச்சீங்க எல்லாரும்?"

முகத்தைப் பார்த்து மெதுவாகச் சொன்னேன். வாலைப்பலம், வாளைப்பளம் எல்லாவற்றையும் உதட்டால் செய்து காட்டினேன். அவருக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் கேட்டிருக்கும். ஆனாலும் சிரித்தார். அந்தத் தைரியத்தில் கேட்டேன்: "வேலூர் போய்க் காட்டிட்டு வரலாமா?" முடியாது என்றார். அடுத்த நாளும் முடியாது என்றார். மிஷினில் உள்ளே போகும் கையைப் பற்றி நான் பேச ஆரம்பித்ததும்தான் ஒத்துக்கொண்டார்.

வேலூர் ஆஸ்பத்திரியில் கண்ணாடி வைத்த சின்ன அறைக்குள் அவரை உட்காரவைத்து, காதை மூடிய பெரிய ஹெட்போன் மாட்டினார்கள். சத்தம் கேட்டால் கையிலிருக்கும் பட்டனை அழுத்தவேண்டும். நான் வெளியே நின்று கண்ணாடி வழியாகப் பார்த்தேன். முதலில் டக் டக்கென்று அழுத்தினார். பிறகு இடைவெளி வந்தது. அப்புறம் அவர் கட்டைவிரல் பட்டன்மேல் அப்படியே நின்றது. சோதனை செய்த பெண் இயந்திரத்தில் ஏதேதோ திருப்பிக்கொண்டே இருந்தார். சத்தம் போய்க்கொண்டுதான் இருக்கிறது என்று எனக்குப் புரிந்தது. விரல் அசையவில்லை. அவர் கண்ணாடி வழியே என்னைப் பார்த்தார். நான் தலையாட்டவும் முடியாமல், பார்வையைத் திருப்பவும் முடியாமல் நின்றேன்.

மெல்லிய, உயர்ந்த சத்தங்கள் போய்விட்டன, திரும்பி வராது என்றார் டாக்டர். மிச்சம் இருப்பதைக் காப்பாற்றவேண்டுமென்றால் அந்த மிஷினை விட்டு வரவேண்டும். காதில் வைக்கும் மிஷின் பொருத்தலாம், பலன் இருக்கும் என்றார். திரும்பி வரும் பஸ்ஸில் அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தார். பள்ளிகொண்டா தாண்டியபோது, "நானே சொல்லிடறேன் கம்பெனியில" என்றார்.

சொன்னார். தூக்கிவிடவில்லை. தோலைத் தரம் பிரித்து அடுக்குகிற இடத்துக்கு மாற்றினார்கள். அங்கே சத்தம் கம்மி, கைக்கு வரும் சம்பளமும் கம்மி. ரொம்ப நாளைக்கு அவருக்கு அது ஆறவில்லை. தன் மிஷினில் வேறொருவன் நின்றுகொண்டு, மழுங்கின பிளேடோடு தோலைக் கிழிக்கிறான் என்று வந்து புலம்புவார். காதுக்கான மிஷின் இன்னும் வாங்கவில்லை, விசாரித்துக்கொண்டிருக்கிறோம். இந்தத் தடவை கேட்டுப் பார்க்காமல் வாங்குவதில்லை என்று அவரே சொல்லிவிட்டார்.

சண்டை இப்போதும் வரத்தான் செய்கிறது. கோபம் வந்தால் நான் சமையலறையிலிருந்து கத்துவதில்லை. அடுப்பைக் குறைத்துவிட்டு, நடந்து போய், அவர் முகத்துக்கு நேராக நின்றுகொண்டு ஆரம்பிக்கிறேன்.